பெயர் எழுதாத வரி

வாதிகந்தூ தீவு,
10 ஏப்ரல் 1994

வாப்பாவுக்கு,

செத்துப்போன என் தம்பியின் பெயரை நீங்கள் திருடிவிட்டீர்கள். இதை எழுதிய பிறகுதான் ஸலாம் எழுதக் கை வந்தது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உங்கள் புது வீட்டாரும் சுகமாகவே இருப்பீர்கள். இங்கே உம்மாவுக்குச் சுகமில்லை. காரணத்தைக் கீழே படியுங்கள்.

வியாழன் மாலை தீவு அலுவலக வாசலில் வானொலியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். பதினாறு வயதுக்குட்பட்ட தேசிய அணியின் முதல் ஆட்டம், உங்கள் தலைநகர் மாலேயில். அங்கே உங்களோடு இருக்கும் என் பெரிய தம்பி ஷாஃபியுவுக்குப் பதினெட்டு. அவன் பெயர் வராது என்று தெரிந்தும் சும்மா கேட்டோம். உம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அப்போது அறிவிப்பாளர் கத்தினார்: "கோல்! இப்ராஹிம் நிஸாம்! வாதிகந்தூ தீவுப் பையன்! பந்தைத் தரையை விட்டு எழுப்பவே இல்லை!"

தோணிக்கார ஹுஸைன்தான் முதலில் வாய் திறந்தார். "அடேய், நம்ம தீவுல எத்தனை நிஸாம்டா இருக்கான்?"

நானூறு பேர் உள்ள தீவில் ஒரே நிஸாம். அவன் நாலு வருடமாகப் பள்ளிவாசலுக்குப் பின்னால் மண்ணுக்குள் கிடக்கிறான். உம்மா துருவலை நிறுத்தவில்லை. தேங்காய் தீர்ந்து சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தார்கள்.

பந்தைத் தரையை விட்டு எழுப்பாமல் அடிக்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். நீங்கள் அன்று இங்கே இல்லை, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். ஷாஃபியு உயர அடித்த பந்து கடலில் போய் விழுந்தது. பந்து கடலில் விழுந்தால் ஆட்டத்தில் யார் இளையவனோ அவன் நீந்திப்போய் எடுக்க வேண்டும் என்பது எங்கள் மைதானத்துச் சட்டம். நிஸாம் போனான். பதினோரு வயது. பாறைத்திட்டு இடைவெளியில் நீரோட்டம் இழுத்துக்கொண்டது. தீவில் இருந்த ஒரே மோட்டார் தோணியை, வெள்ளைக்கார விருந்தாளிகள் மீன்பிடித்து விளையாடுவதற்காக மாலேக்காரர் ஒருவர் கொண்டுபோயிருந்தார். நாங்கள் துடுப்புப் போட்டுத் தேடினோம். இரண்டாம் நாள் கிடைத்தான். அன்று முதல் ஷாஃபியு ஒரு பந்தையும் மேலே அடித்ததில்லை.

அவனைத் தம்பியின் பிறப்புச் சான்றிதழோடு ஆட விட்டிருக்கிறீர்கள். அணியின் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

நஹுலா


மாலே,
24 ஏப்ரல் 1994

அன்பு மகள் நஹுலாவுக்கு, வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உன் உம்மாவின் உடல்நிலையை நான் விசாரித்ததாகச் சொல்.

கடிதம் கிடைத்தது. பெற்றவனுக்கு எழுதும் கடிதமா அது? போலீஸ்காரன் எழுதுவதைப் போல இருக்கிறது.

தீவுப் பையனுக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். பெரிய வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பான். பெரிய வீட்டுப் பிள்ளையின் பூட்ஸைக் கழுவி வெயிலில் வைப்பான். ஷாஃபியு இரண்டு வருடம் இரண்டையும் செய்தான். அவன் காலைப் போல ஒரு கால் இந்த ஊரில் இல்லை. ஆனால் பதினெட்டு வயதில் கிளப்பின் கதவைத் தட்டினால், உள்ளே உட்கார்ந்திருப்பவனெல்லாம் யாரோ ஒருவருடைய மருமகன். பதினாறு வயது அணியில் ஒரு இடம் இருந்தது. அவன் உருவம் சின்னது. சான்றிதழ் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. தம்பியின் சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். செத்தவனுக்குச் சட்டை எதற்கு?

கிளப்பின் பெரியவர் எனக்குத் துறைமுகத்தில் மேஜை வேலை போட்டுத் தந்திருக்கிறார். இதையும் தவறாக எழுதாதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

உன் நலம் நாடும்
உமர் மனிக்கு


வாதிகந்தூ,
1 மே 1994

தம்பி ஷாஃபியுவுக்கு,

உன் லாத்தாவின் ஸலாம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? முழங்காலில் பழைய வீக்கம் இருக்கிறதா? பிப்ரவரிக்குப் பிறகு நீ எழுதவில்லை.

வாப்பா என் கடிதத்துக்குப் பதில் எழுதினார். பெயர் ஒரு சட்டை என்கிறார். அந்தச் சட்டைக்குள் நீ இருக்கிறாயா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

மைதானத்தில் பையன்கள் உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பின்னாலிருந்து கத்தினால் நீ திரும்புகிறாயா? முதல் நாள் திரும்பியிருக்க மாட்டாய். இப்போது?

இன்னொன்று. உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிஸாமின் கபருக்குப் போவது உனக்குத் தெரியும். மூன்று வெள்ளியாகப் போகவில்லை. "ஏன்மா போகல?" என்றேன். "அங்க யாரு இருக்கா?" என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள், ஷாஃபியு.

பதில் எழுது. தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்திருக்கிறேன். சாக்குச் சொல்லாதே.

நஹுலா லாத்தா


வாதிகந்தூ,
29 மே 1994

வாப்பாவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் தோணி இல்லை. ஷாஃபியுவிடமிருந்து கடிதமும் இல்லை. அதற்குக் காற்று காரணமில்லை என்று நினைக்கிறேன். நான் அனுப்பிய கடிதத்தை அவன் கையில் கொடுத்தீர்களா?

அணி டாக்காவுக்குப் போகிறது என்று வானொலியில் கேட்டோம். அன்று உம்மா மீன் சாற்றைச் சுண்டவிட்டு ரிஹாகுரு காய்ச்சிப் புட்டியில் அடைத்தார்கள். உலர்ந்த மீனைத் துணியில் கட்டினார்கள். கட்டின்மேல் எழுதச் சொல்லி என்னிடம் தந்தார்கள். நான் ஷாஃபியு என்று எழுதினேன். துணியைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டித் தாமே நிஸாம் என்று எழுதினார்கள். நாலு வருடமாகப் பேனா தொடாத கை. ஷாஃபியு மாலேயில் இருந்த இரண்டு வருடத்தில் அவனுக்கு ஒரு மீன் துண்டு அனுப்பவில்லை, தெரியுமா?

தீவு முழுக்க இதைத் தின்று கொழுக்கிறது. தீவுத் தலைவர் என்னிடம் சொன்னார்: "ஏம்மா, முகத்தத் தூக்கி வெச்சிருக்க? இருபது வருசமா டாக்டர் கேட்டோம், குடுத்தானா? மோட்டார் படகு கேட்டோம், குடுத்தானா? நம்ம பய மூணு கோல் போட்டான், படகுத்துறை கட்ட அளவெடுக்க ஆள் வந்துட்டான். வாய மூடிக்கிட்டு இரு தாயி."

பிள்ளை சாகும்போது ஒரு படகு தராத நாடு, செத்த பிள்ளை கோல் போட்டதும் படகுத்துறை தருகிறது. இவர்கள் கை தட்டுகிறார்கள்.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அணி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத எனக்குத் தெரியும்.

நஹுலா


மாலே,
12 ஜூன் 1994

மகள் நஹுலாவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

எழுது. தாராளமாக எழுது. எழுதும்போது கூடவே இதையும் எழுது. தீவு அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் புத்தகத்தை எழுதுகிறவள் யார்? 1990 ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து பார். "அசரீகே வீடு, உமர் மனிக்கு மகன், கடலில் மூழ்கி" என்று ஒரு வரி இருக்கிறது, தலைவர் பார்த்துச் சொன்னார். பெயர் எழுத வேண்டிய இடம் காலி. பெயர் இல்லாத வரி மாதப் பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாதவன் மாலேயின் கணக்கில் சாகவில்லை. பிப்ரவரியில் நிஸாமுக்குப் பாஸ்போர்ட் கேட்டபோது அதிகாரிகள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றுதான் எனக்கே புரிந்தது.

நான் செத்தவனை எழுப்பவில்லை. நீ அவனைச் சாக விடவில்லை. நீ சாக விடாமல் வைத்திருந்தவனுக்கு நான் பந்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அரசாங்கப் புத்தகத்தில் பொய் எழுதினால் என்ன தண்டனை என்று உன் தலைவரிடம் கேட்டுப் பார்.

உம்மாவுக்கு என் விசாரிப்பு.

உமர் மனிக்கு


வாதிகந்தூ,
19 ஜூன் 1994

வாப்பாவுக்கு,

ஸலாம்.

பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம். நிஸாமை அடக்கம் செய்த மறுநாள் புத்தகத்தைத் திறந்தேன். தேதி எழுதினேன். வீடு எழுதினேன். பெயருக்கு வந்தபோது உம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்த மாசம் வேணாம்டீ. அடுத்த மாசம் எழுதிக்க." அடுத்த மாதமும் வந்து பிடித்தார்கள். மூன்றாம் மாதம் நானே திறக்கவில்லை.

என் குற்றம் இது. எவரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லாமல்தான் சட்டம் பேசினேன். ஆனால் நான் உம்மாவுக்காக விட்டேன். நீங்கள் மேஜை வேலைக்காக எடுத்தீர்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

நஹுலா


மாலே,
26 ஜூன் 1994

லாத்தாவுக்கு,

ஸலாம். முழங்கால் பரவாயில்லை. நாளை டாக்காவுக்குப் போகிறோம். உன் கடிதத்தை வாப்பா மே மாதமே கொடுத்துவிட்டார். எனக்குத்தான் எழுத மனமில்லை.

திரும்புகிறேனா என்று கேட்டிருந்தாய். திரும்புகிறேன். தூக்கத்திலும் திரும்புகிறேன். போதுமா?

இங்கே என்ன நடந்தது என்று கேட்காமல் நீ எதையெல்லாமோ கேட்கிறாய். ஷாஃபியுவாக இருந்தபோது வாசலில் சாப்பிட்டேன். கிளப் பெரியவர் வீட்டுப் பையன் யூனுஸ் தன் காலுறையை என் மேல் எறிந்து, "டேய் தீவான், மீன் நாத்தம் போகற மாதிரி தொவை" என்பான். இப்போது எல்லாம் தெரிந்தும் அவன் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிறான். "நிஸாம், இங்க பாஸ் குடு நிஸாம்" என்று கெஞ்சுகிறான். இதை விடச் சொல்கிறாயா?

உம்மா அனுப்பிய கட்டு வந்தது. துணியின் உள்பக்கத்தில் நீ எழுதிய பெயரையும் பார்த்தேன்.

நிஸாமைக் கரைக்குக் கொண்டுவந்தபோது நீ அலுவலகத்தில் இருந்தாய், லாத்தா. உம்மா என்னிடம் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியாது. "பந்த அடிச்சவன் நீ. நீ ஏன்டா போகல?" அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோறு போட்டு, தட்டைத் தள்ளி வைப்பார்கள். நீ பார்த்திருப்பாய். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ரிஹாகுருவைச் சாப்பிட்டேன். புட்டி முழுக்க ஒரே நாளில்.

இப்படிக்கு
தம்பி


மாலே,
24 ஜூலை 1994

மகள் நஹுலாவுக்கு,

ஸலாம். அவசரம். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

டாக்காவில் ஜெயித்ததைக் கேட்டிருப்பாய். தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. எவனோ தீவிலிருந்து அவர்களுக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான், நீ இல்லை என்று நம்புகிறேன். அணியில் ஆடுவது அண்ணன், தம்பி செத்துவிட்டான் என்று புகார். விசாரிக்க மாலேயிலிருந்து இரண்டு பேர் ஆகஸ்ட் 25-ம் தேதி வாதிகந்தூவுக்கு வருகிறார்கள். புத்தகத்தைக் கேட்பார்கள்.

வரி காலியாக இருப்பதும் அல்லாஹ்வின் ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது. அந்த இடத்தில் ஷாஃபியு என்று எழுது. 1990-ல் செத்தது அப்துல்லா ஷாஃபியு, வயது பதினான்கு. கபர் கல்லில் பெயர் கிடையாது, கூர் முனைதான், ஆண்பிள்ளை என்று மட்டும் காட்டும். தலைவரிடம் பேசிவிட்டேன். தீவு பேசாது. பழைய மையால் எழுது.

நிஸாம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசி. உன் வேலை போகும். நான் உள்ளே போவேன், அது உனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் அந்த அணியில் இன்னும் பதினேழு பிள்ளைகள். இந்தச் சின்ன நாடு வாழ்நாளில் ஒருமுறை ஜெயித்ததை ஒரு குமாஸ்தாப் பெண் தட்டிப் பறித்தாள் என்று பேசுவார்கள்.

உமர் மனிக்கு


வாதிகந்தூ,
31 ஜூலை 1994

உமர் மனிக்கு அவர்களுக்கு,

மொட்டைக் கடிதம் நான் எழுதவில்லை. எழுதும் தைரியம் இருந்திருந்தால் பெயர் போட்டே எழுதியிருப்பேன்.

உயிரோடு இருக்கும் பிள்ளையைச் சாகடிக்கச் சொல்லி, அதற்கு எந்த மை நல்லது என்றும் சொல்லித் தந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒன்றையும் கிழிக்கவில்லை.

நீங்கள் உம்மாவுக்குத் தனியாக ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நேற்றுத் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ரொஷி சுட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்கள்.

"எழுதிட்டியாடீ?"

"எத?"

"போனது பெரியவன்னு."

"பெரியவன் உசுரோட இருக்கான்மா. கால் நீட்டி மாலேல தூங்கறான்."

"எனக்கு அவன் அன்னிக்கே போயிட்டான். இப்பத்தான் ஒரு புள்ள திரும்பி வந்திருக்கான். அவனையும் ரெண்டாந்தடவ பொதைக்கப் போறியா? எழுதுடீ."

ரொஷி கருகியது. எடுக்கவில்லை. அன்று என் கையைப் பிடித்து எழுதாதே என்ற அதே உம்மா.

இதை ஷாஃபியுவிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களிடம் நான் கடைசியாகக் கேட்பது இது ஒன்றுதான்.

நஹுலா


மாலே,
7 ஆகஸ்ட் 1994

அன்புள்ள உம்மாவுக்கு,

உங்கள் மகன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

லாத்தாவிடம் நீங்கள் சொன்னதை வாப்பா வரி விடாமல் படித்துக் காட்டினார். எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சொன்னபடியே நடக்கட்டும்.

அக்டோபரில் அடுத்த சுற்று. அதற்கு முன் ஒரு வாரம் விடுமுறை தருவார்கள். நான் வரலாமா? வந்தால் தட்டில் சோறு போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைப்பீர்களா?

கட்டு இன்னொன்று அனுப்புங்கள்.

நிஸாம்


வாதிகந்தூ,
14 ஆகஸ்ட் 1994

தம்பி ஷாஃபியுவுக்கு,

ஸலாம். உறையின் மேலும் இந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு ஆள் இல்லை என்று வாப்பா திருப்பி அனுப்பலாம் என்பதால் ஹுஸைனிடம் கொடுத்து, உன் கையில் மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன்.

உம்மாவுக்கு நீ எழுதியதை நான்தான் படித்துக் காட்டினேன். கடைசியில் இருந்த பெயரை மட்டும் படிக்கவில்லை. அவர்களே வாங்கிப் பார்த்து, தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

நீ சொன்னது உண்மை. தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் எதையும் கேட்காமலும் எழுதாமலும் விட்டதுதான் இவ்வளவும். மன்னிப்புக் கேட்க இது நேரமில்லை, கேட்டாலும் நீ தர மாட்டாய்.

உன் பள்ளித் தேர்வு முடிவு அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. அப்துல்லா ஷாஃபியு. ஆறு பாடம் தேறியிருக்கிறாய், கணக்கில் முதல் வகுப்பு. இதை என்ன செய்ய? நாலு வருடம் முன்பு செத்தவன் போன வருடம் தேர்வு எழுதியதாகச் சொல்ல முடியாது. கிழிக்க வேண்டும். நாளை உனக்குக் கல்யாணம் என்றால் அந்தப் பெயரில் நடக்கும். பிள்ளை பிறந்தால் நிஸாமின் பிள்ளை. நீ செத்தால் அவன் இரண்டாவது முறை சாவான், நீ ஒருமுறைகூடச் சாகாமல் போவாய். யூனுஸ் தண்ணீர் எடுத்துத் தருவது யாருக்கு? உம்மா சோறு போடப்போவது யாருக்கு?

நிஸாம் என்று நான் எழுதினால் உன் ஆட்டம் முடியும், என் வேலை முடியும், உம்மா என்னோடு பேச மாட்டார்கள். அதெல்லாம் என் பாடு. ஷாஃபியு என்று எழுதினால் நீ முடிவாய். உம்மா சொல்லி ஒருமுறை விட்டேன். வாப்பா சொல்லி எழுத மாட்டேன். இது உன் வரி. நீ சொல்.

ஹுஸைன் இரண்டு நாள் மாலேயில் இருப்பார். அவரிடம் கொடுத்தனுப்பு.

நஹுலா லாத்தா


வாதிகந்தூ,
21 ஆகஸ்ட் 1994

ஷாஃபியு,

ஹுஸைன் திரும்பி வந்துவிட்டார். கை வீசிக்கொண்டு வந்தார்.

"கைலதான் குடுத்தேன் பொண்ணே. வாங்கிப் படிச்சான். ரெண்டு நாளும் மைதானத்துக்குப் போய் நின்னேன். பதில் இல்லியாடான்னு கேட்டா, பூட்ஸ் கயித்த அவுத்து அவுத்துக் கட்டறான். கட்டி முடிக்கவே மாட்டேங்கறான்."

இன்று மாலை வேகப்படகு ஒன்று மாலேக்குப் போகிறது, படகுத்துறைக்கு அளவெடுத்தவர்களுடையது. நாளை காலை இது உன் கையில் இருக்கும், புதன்கிழமை அதே படகு இங்கே திரும்பும். வியாழக்கிழமை விசாரிக்க வருகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். தலைவர் சாவியை என்னிடம் தந்துவிட்டு, வயிற்று வலி என்று படுத்துக்கொண்டார்.

புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். 1990 ஆகஸ்ட், மேலிருந்து மூன்றாவது வரி. இந்த உறைக்குள் ஒரு வெற்றுத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அதில் வேறு எதுவும் எழுத வேண்டாம். ஸலாம் வேண்டாம், நலம் வேண்டாம், கோபம்கூட வேண்டாம். செத்தது யார் என்று உன் கையால் ஒரு பெயரை எழுது. அதற்குக் கீழே உயிரோடு இருப்பவனின் கையெழுத்தைப் போடு.

எழுது.